ராசிப் பேனாவும் பிள்ளையார் சுழியும்: செஸ் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். மாவட்டப் போட்டி, பள்ளிப் போட்டி, வாரக்கடைசி ரேட்டிங் போட்டி என்று தமிழ்நாடு முழுவதும் செஸ் ஆட்டங்களை நடத்திக்கொடுப்பவர்கள் நீங்கள். விடிந்ததும் மண்டபத்துக்கு வந்து மேசை வரிசை பார்த்து, கடிகாரங்களைச் சரிசெய்து, ஜோடிப் பட்டியலை ஒட்டி, கடைசிச் சுற்று முடிந்த பிறகு கடைசிப் பெற்றோரின் கடைசிச் சந்தேகத்தையும் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் ஒரு மனக்குறையையும் ஒரு வேண்டுகோளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வயதுப்பிரிவுப் போட்டியில் ஒரு சிறுமி, நகர்த்தல்களை எழுதும் தாளான தன் ஸ்கோர் ஷீட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் பெயரை எழுதத் தொடங்கினாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த நடுவர் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். “மூடநம்பிக்கைக்கெல்லாம் இங்கே இடமில்லை” என்று சுற்றியிருந்த எல்லாப் பிள்ளைகளின் காதிலும் விழும்படி சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. புதிய தாளில் பெயரை எழுதினாள். எந்த ஊர், எந்தப் போட்டி, எந்த நடுவர் என்பது இங்கே தேவையில்லை. இதைப் போன்ற சிறு கடுமைகளைப் பல கூடங்களில் பார்த்திருக்கிறேன். விதியைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் அவை நடக்கின்றன என்பதையும் அறிவேன்.

அந்த நடுவரின் பக்கம் சட்டம் இல்லாமல் இல்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டத்தில் 8.1 ஆம் பிரிவு, ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தல்கள், கடிகார நேரம், டிரா கேட்ட குறிப்பு, முறையீடு தொடர்பான விவரம், பொருத்தமான பிற தகவல் ஆகியவற்றை மட்டுமே எழுதலாம் என்கிறது. இந்தப் பிரிவு எதற்காக இருக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தாளின் ஓரத்தில் ஆட்டக் குறிப்புகளை எழுதி வைத்து, அவற்றைப் பார்த்து ஆடக்கூடாது என்பதற்காகவே இருக்கிறது. சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டமுறையில் ஒன்பதாவது நகர்த்தல் என்ன என்று பிள்ளையார் சுழி யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பரீட்சைத் தாளிலும் மளிகைச் சீட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நாம் போடும் சுழி அது. எழுதத் தொடங்குகிறேன் என்று கை தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆடுகிறவர் தன் மனத்தை நிலைப்படுத்த, தன் எல்லைக்குள் செய்துகொள்ளும் சின்னச் சின்னச் சடங்குகளை விட்டுவிடுங்கள். எதிராளியைத் தொடும் சடங்குகளையும், பெரியவர்கள் பிள்ளைகளின் தலையில் சுமத்தும் சடங்குகளையும் விடாதீர்கள். இன்று பல கூடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. சிறுமியின் சுழி கிழிபடுகிறது. எலுமிச்சம்பழத்தோடு வரும் பெரியவரிடம் மட்டும் பணிவாகப் பேசுகிறோம்.

செஸ் ஆடுகிறவர்களின் சென்டிமென்ட் உலகம் எவ்வளவு பெரியது என்பதை நடுவர் மேசையிலிருந்து முழுவதும் பார்க்க முடியாது. பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும். முதலிடம் பேனாவுக்கு. ஒரு பேனாவில் எழுதி வென்றுவிட்டால் மை தீரும்வரை அது மாறாது. தோற்றால் அன்றே அதற்கு ஓய்வு. மூடியைக் கழற்றி எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கும் முறை வைத்திருப்பவர்கள் உண்டு. அடுத்தது சட்டை. முதல் மூன்று சுற்றை வென்ற சட்டையைத் துவைக்கக் கொடுக்காமல் விடுதி அறையில் காயப்போட்டு வைத்திருக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் பாசமும் சேர்ந்தே வரும். காலையில் பூரி சாப்பிட்டு வென்றால் போட்டி முடியும்வரை பூரிதான். வலது காலை வைத்துக் கூடத்துக்குள் நுழைவது, வென்ற நாளில் வந்த அதே தெரு வழியாகவே வருவது, ஜோடிப் பட்டியலைத் தானே பார்க்காமல் நண்பனை விட்டுப் பார்த்துவரச் சொல்வது, கடைசிச் சுற்றுக்கு முன் யாராவது “இன்னும் அரைப் புள்ளி போதும்” என்று சொல்லிவிட்டால் பதறிப்போய் மரத்தைத் தொடுவது என்று அந்த உலகம் விரிந்துகொண்டே போகும். நல்ல ஃபார்மில் இருக்கும்போது வாழ்த்துக் குறுஞ்செய்திகளுக்குப் போட்டி முடியும்வரை பதில் அனுப்பாதவர்களும் இருக்கிறார்கள்.

குதிரைக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் ஒரு சம்பிரதாயமே வளர்ந்துவிட்டது. சிலருக்குக் குதிரை எதிரியைப் பார்க்க வேண்டும். சிலருக்கு ராஜாவைப் பார்க்க வேண்டும். சிலருக்கு இரண்டு குதிரைகளும் ஒரே திசையில் பார்க்க வேண்டும். எதிராளியின் குதிரை கோணலாக நின்றால் அதையும் திருப்பிவைக்கக் கை துடிக்கிறவர்களும் உண்டு. அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள், வரவும் வேண்டும். காய்களைச் சரிசெய்யும் உரிமை நகர்த்தும் முறை உள்ளவருக்கு மட்டுமே, அதுவும் சரிசெய்யப்போவதாக முன்கூட்டிச் சொன்ன பிறகே என்று 4.2 ஆம் பிரிவு கூறுகிறது. தன் குதிரையை ஆட்டம் தொடங்கும் முன் ஆயிரம் முறை திருப்பிவைக்கட்டும். எதிராளியின் கடிகாரம் ஓடும்போது பலகைக்கு மேல் கை போகக்கூடாது. இந்த எல்லைக்கோடு எனக்கு மிகவும் பிடித்தது. சடங்கு எதுவரை போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று யோசித்தால் இந்தப் பிள்ளைகளின் மேல் கோபம் வராது. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி அந்த மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். ஆபத்தில்லாத காயலில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்கள் மந்திரம் எதையும் நாடுவதில்லை. என்ன நடக்கும் என்று தெரியாத திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்குகள் விரிவாக நடக்கும். நிச்சயமின்மை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சடங்கு வேர்விடுகிறது என்று அவர் கண்டார்.

இந்தக் கணக்கின்படி செஸ்ஸில் சடங்கே இருக்கக் கூடாது. தாயக்கட்டை இல்லை, சீட்டுக் குலுக்கல் இல்லை, காற்றும் ஆடுகளத்தின் ஈரமும் இல்லை. எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் முன்னால் நிற்கின்றன. ஆனாலும் இத்தனை ராசி பார்க்கும் கூட்டம் நம்முடையது. காரணம் எளிது. பலகையில் எல்லாம் தெரிகிறது, ஆடுகிறவரின் தலைக்குள் நடப்பது மட்டும் அவருக்கே தெரிவதில்லை. நான்கு மணி நேரம் மலைபோல் காத்த ஆட்டத்தை ஒரு நொடி மயக்கம் தின்றுவிடும். பழிபோட ஆடுகளம் இல்லை, கூட்டாளி இல்லை, நடுவரின் தவறான தீர்ப்புகூடப் பெரும்பாலும் கிடைக்காது. தோல்வி முழுவதும் தன்னுடையது என்ற அந்தத் தனிமையை ஒன்பது வயதில் சந்திக்கும் குழந்தைக்கு ஒரு பேனா துணையாக இருக்கிறதென்றால், அந்தத் துணையைப் பறிக்க எனக்கு மனம் வராது.

இது சின்னப் பிள்ளைகளின் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். உச்சியில் இருப்பவர்களையே பாருங்கள். காஸ்பரோவ் பிறந்தது 1963 ஏப்ரல் 13. 1985 இல் அவர் உலகின் 13 ஆவது சாம்பியன் ஆனார். உலகமே அஞ்சும் அந்த எண்ணை அவர் தன் ராசி எண்ணாகவே கொண்டாடினார். அன்றைய உலக சாம்பியன் அலெக்கைன் 1935 இல் ஏவ்வேயுடன் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது தன் சயாமியப் பூனையைக் கூடவே கொண்டுவந்தார். ஆட்டத்துக்கு முன் அதைப் பலகையை முகரவிடுவார் என்று செஸ் உலகில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பூனை முகர்ந்தும் அந்தப் பட்டம் 15.5–14.5 என்ற கணக்கில் ஏவ்வேயிடம் போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் ஆட்டத்தால்தான் அதை மீட்டார்.

2021 இல் துபாயில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனோடு ஆடிய நெப்போம்னியாச்சியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. எட்டு ஆட்டங்கள் முடிந்தபோது அவர் இரண்டில் தோற்றிருந்தார். பல ஆண்டுகளாக அவருடைய அடையாளமாக இருந்த உச்சிக் கொண்டையை ஓய்வு நாளில் வெட்டிவிட்டு ஒன்பதாவது ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். நம் ஊரில் மொட்டை போட்டுக்கொண்டு புதிதாகத் தொடங்குகிறோமே, அந்த வேட்கையை அவர் முகத்தில் பார்த்தேன். அன்று 27 ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைத் தள்ளி, தன் பிஷப் திரும்பி வர வழியில்லாதபடி செய்துவிட்டார். போட்டி 7.5–3.5 என்று முடிந்தது. முடியை வெட்டியதால் தோற்கவில்லை. வெட்டாமல் இருந்திருந்தால் வென்றிருப்பார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் உலகின் மிகச் சிறந்த இருவரில் ஒருவர், எல்லாத் தயாரிப்பும் கைவசம் இருந்தும், ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கலாமே என்று நாவிதரிடம் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனநிலை நம் மாவட்டப் போட்டியின் எண்பதாவது பலகையில் இருக்கும் பையனுக்கும் உரியது.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். சடங்கும் சந்தேகமும் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1978 இல் பிலிப்பைன்ஸின் பகியோ நகரில் நடந்த கார்போவ்–கோர்ச்னாய் உலகப் பட்டப் போட்டியே சாட்சி. இரண்டாவது ஆட்டத்தின்போது கார்போவுக்கு ஒரு கோப்பைத் தயிர் வந்தது. அதன் நிறமும் வந்த நேரமும் ஏதோ ரகசியச் செய்தியாக இருக்கலாம் என்று கோர்ச்னாயின் குழு எழுத்து மூலம் புகார் கொடுத்தது. கடைசியில் ஒரே வகைத் தயிர், குறித்த நேரத்தில் மட்டும் என்று தீர்மானம் போட வேண்டியதாயிற்று. கார்போவின் குழுவில் சுகார் என்ற உளவியலாளர் இருந்தார். அவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கண் இமைக்காமல் கோர்ச்னாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ச்னாய் கண்ணாடிபோல் ஒளி தெறிக்கும் குளிர்க்கண்ணாடி அணிந்துகொண்டு வந்தார். சுகார் எந்த வரிசையில் உட்காரலாம் என்று பேச்சுவார்த்தை நடந்தது. பின்னர் ஆனந்தமார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பைச் சேர்ந்த இருவர் கோர்ச்னாய்க்குத் தியானம் கற்றுக்கொடுக்க வந்தார்கள், அதற்குக் கார்போவின் சோவியத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது.

இத்தனைக்கும் நடுவில் ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? வெற்றிக் கணக்கில் ஐந்துக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்த கோர்ச்னாய் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று ஐந்துக்கு ஐந்து என்று சமன் செய்தார். 32 ஆவது ஆட்டத்தில் கார்போவ் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். செஸ் வரலாற்றின் மிகக் கடுமையான போர்களில் ஒன்று அது. ஆனால் பகியோ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தயிர்தான். அந்த ஆட்டங்களை நேசிக்கிறவன் என்பதால் எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

பகியோவில் தலைமை நடுவராக இருந்தவர் லோதர் ஷ்மித். 1972 இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷர்–ஸ்பாஸ்கி உலகப் பட்டப் போட்டியை நடத்தியவரும் அவரே. அங்கே ஏதோ மின்கருவியோ ரசாயனமோ ஸ்பாஸ்கியைப் பாதிக்கிறது என்று சோவியத் தரப்பு புகார் சொன்னபோது நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள், விளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். விளக்கில் கிடைத்தவை இரண்டு செத்த ஈக்கள். உங்கள் தொழிலின் முன்னோடியான ஷ்மித்திடம் நான் வியக்கும் குணம் இதுதான்: யாரையும் கேலி செய்யாமல், சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவிட்டு, ஆட்டத்தை ஆட்டமாகவே நடத்தி முடித்தார். ஃபிஷர் கேமராச் சத்தம் பொறுக்காமல் அடம்பிடித்தபோது மூன்றாவது ஆட்டத்தை மேடைக்குப் பின்னாலிருந்த ஓர் அறைக்கு மாற்றவும் ஸ்பாஸ்கியின் சம்மதத்தோடு வழி செய்தார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் அந்தப் போட்டியே நமக்குக் கிடைத்திருக்காது.

கண்ணேறுக்கு அஞ்சுவதும் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1959 இல் யுகோஸ்லாவியாவில் நடந்த, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில், சோவியத் வீரர் மிகயில் தாலின் பார்வை எதிராளியை மயக்குகிறது என்று நம்பிய பால் பென்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதை எதிர்பார்த்து வந்த தால், சக வீரர் பெட்ரோசியானிடம் கடன் வாங்கிய பெரிய கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். கூடமே சிரித்தது, நடுவர்களும் சிரித்தார்கள். கண்ணாடி பென்கோவைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் யாரும் சிறுமைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பலகையைச் சுற்றி அப்படி ஒரு சூழல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எதிராளியைத் தொந்தரவு செய்வதற்காகச் செய்யும் வேலைகளுக்குச் சடங்கு என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிறவர்களை மட்டும் நீங்கள் மன்னிக்கக் கூடாது. இது மிகப் பழைய நோய். 1561 இல் ஸ்பெயினின் ரூய் லோபஸ் எழுதிய செஸ் நூலிலேயே, எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையை வையுங்கள் என்று யோசனை இருக்கிறது. இன்றைய வடிவங்கள் வேறு: முறை வராதபோது மேசையைத் தட்டுவது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வாய்க்குள் முணுமுணுப்பது, பேனாவைக் கிளிக் கிளிக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பது. கேட்டால் ‘எனக்கு இப்படித்தான் பழக்கம், சென்டிமென்ட்’ என்று பதில் வரும். எந்த வகையிலும் எதிராளியின் கவனத்தைக் குலைக்கவோ எரிச்சலூட்டவோ கூடாது என்று 11.5 ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. அங்கே தயங்காதீர்கள். மந்திரம் சொல்லுகிறான், கடவுள் விஷயம், நமக்கேன் வம்பு என்று ஒதுங்காதீர்கள். மனத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும். உதடு அசைந்து எதிரே இருப்பவருக்குக் கேட்டால் அது 11.5.

பெற்றோர் விஷயத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். குழந்தை தானாகத் தேடிக்கொண்ட ராசிக்கும் பெரியவர்கள் கட்டிவிடும் ராசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தன் பேனா தொலைந்தால் பிள்ளை கொஞ்சம் கலங்கும், பிறகு வேறு பேனாவில் எழுதி அதிலும் வென்றுவிடும். அப்பா கட்டிவிட்ட கயிறு அறுந்தால், அறுந்தது அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தோடு ஆடும். சனிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றில் மூன்று சுற்று ஆடிய ஓர் எட்டு வயதுப் பையனைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில் அவனுக்குக் கட்டங்களே சரியாகத் தெரியவில்லை. கடிகாரத்தை நிறுத்தச் சட்டம் அங்கே உங்களுக்கு இடம் தராது. ஆனால் சுற்றுகளுக்கு நடுவே அந்தப் பெற்றோரை அழைத்து இரண்டு வார்த்தை சொல்லும் தகுதி அந்தக் கூடத்தில் உங்களைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது? நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

ராகு காலப் பிரச்சினையும் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது. ‘பதினைந்து நிமிடம் தள்ளித் தொடங்கக் கூடாதா’ என்று கேட்கிறார்கள். சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரை. ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை. வாரக்கடைசிப் போட்டிகள் பெரும்பாலும் ஒரு ராகு காலத்தில் தொடங்கி இன்னொரு ராகு காலத்தில் பரிசளிப்போடு முடிகின்றன. அந்த நேரத்தில் தொடங்கும் சுற்றிலும் ஒவ்வொரு பலகையிலும் ஒரு புள்ளி யாருக்காவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ராகு இருவருக்கும் பொது என்று அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். நேரத்தை மட்டும் ஒரு நிமிடம்கூட மாற்றாதீர்கள். ‘இன்று என் பெண்ணுக்குச் சந்திராஷ்டமம், கறுப்பு வேண்டாம், வெள்ளை கொடுங்கள்’ என்ற கோரிக்கைக்கும் அதே பதில்தான். மேசைக்கு அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழத்தை உடனே எடுத்துவிடுங்கள். அதை வைத்தவருக்கு அது காவல், எதிரே உட்காரும் குழந்தைக்கு அது பயம். எதிராளியைத் தொடும் சடங்கு என்று நான் சொன்னது இதைத்தான்.

கோயிலுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கு அருகே திருப்பூவனூர் இருக்கிறது. அங்கே இறைவன் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் தன்னை வெல்பவரையே மணப்பேன் என்றிருந்த அரசகுமாரியைச் சிவபெருமான் முதியவர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்குப் பிறகு அந்த ஊரின் பெயர் உலகமெங்கும் போனது. போட்டிக்கு முன் பிள்ளையை அங்கே அழைத்துப்போய் அர்ச்சனை செய்கிற குடும்பங்கள் உண்டு. செய்யட்டும். அந்தப் புராணத்தில் எனக்குப் பிடித்த இடம், கடவுளே ஆனாலும் பலகையின் முன் உட்கார்ந்து காய் நகர்த்தித்தான் வெல்ல வேண்டியிருந்தது என்பது.

ஏமாற்று வேலைகள் பெருகிவிட்ட காலம் இது என்பதையும் மறக்கவில்லை. பேனாவுக்குள் கேமரா இருக்கலாம், தாயத்துக்குள் கருவி இருக்கலாம். பெரிய போட்டிகள் சிலவற்றில் அமைப்பாளர்கள் கொடுக்கும் பேனாவால்தான் எழுத வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. பரிசுத்தொகை பெரிதாக இருக்கும் இடத்தில் ராசிப் பேனா அறையிலேயே இருக்கட்டும். ஆனால் பத்து வயதுக்குட்பட்டோர் மாவட்டப் போட்டிக்கு அந்த அளவு கெடுபிடி தேவையில்லை. பேனாவைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தாயத்தால் உலோகம் கண்டறியும் கருவி ஒலித்தால் சபை நடுவில் சட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டாம். சோதனை தனியிடத்தில்தான் நடக்க வேண்டும், சோதிப்பவர் ஆடுகிறவரின் பாலினத்தவராகவே இருக்க வேண்டும் என்று 11.3 ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறோம்.

சடங்கு இல்லாத செஸ் இதுவரை இருந்ததில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். சிறப்பு விருந்தினர் முதல் பலகையில் ஒரு சிப்பாயை நகர்த்துகிறார், படம் எடுக்கிறார்கள், கைதட்டுகிறோம். அதை நீங்கள்தான் முன்நின்று நடத்துகிறீர்கள். கைகுலுக்காமல் ஆட்டம் தொடங்குவதில்லை. 2008 இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில் நைஜல் ஷார்ட் நீட்டிய கையை ஷெப்பாரினோவ் பற்ற மறுத்தபோது ஆட்டத்தையே முதலில் ஷார்ட்டுக்கு வழங்கிவிட்டார்கள். பிறகு மன்னிப்பும் மறுஆட்டமும் வந்தன, அதிலும் ஷார்ட்டே வென்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அதுவரை உலக சாம்பியனாக இருந்த டிங் லிரன் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்த பிறகு, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆகிவிட்ட குகேஷ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் தொடக்கக் கட்டத்தில் அடுக்கினார். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அவர் செய்கிற வேலை அது. எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிரக்ஞானந்தா நெற்றி விபூதியோடு உலகின் எல்லா மேடையிலும் உட்கார்கிறார். யாரும் அழிக்கச் சொன்னதில்லை. அங்கே மதிக்கப்படுவது எண்பதாவது பலகையிலும் மதிக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உடை விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் 2024 இறுதியில் நடந்த உலக ரேபிட் (விரைவு ஆட்டப்) போட்டியில் கார்ல்சன் ஜீன்ஸ் அணிந்து வந்ததற்கு 200 டாலர் அபராதம் விதித்தார்கள். அன்றே மாற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள், அவர் விலகிவிட்டார். சில நாள்களிலேயே ஃபிடே விதியைத் தளர்த்தியது, அவர் பிளிட்ஸ் (அதிவிரைவு ஆட்டப்) போட்டிக்குத் திரும்பினார். உலக அமைப்பே இறங்கி வர முடிகிறதென்றால், ராசிச் சட்டையின் காலர் நைந்திருக்கிறது என்று ஒரு பள்ளி மாணவனை வாசலில் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மானம் மறைக்கிற, பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தாத சட்டையாக இருந்தால் போதும். துவைக்காத சட்டை பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லையானால் மறுபடியும் 11.5 தான்.

நான் கேட்பதைச் செயலாகவே சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றுக்கு முன் நீங்கள் வாசிக்கும் அறிவிப்புகளில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதித்த பிறகு சொந்தப் பேனாவைப் பயன்படுத்தலாம். ஸ்கோர் ஷீட்டின் உச்சியில் சுழியோ சிலுவையோ பிறையோ சிறிதாக ஒன்று போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு அந்தத் தாளில் சட்டம் அனுமதிப்பவை தவிர வேறெதுவும் கூடாது. மேசைமேல் பொம்மை, சிலை, பழம் எதுவும் வைக்கக்கூடாது. அவை பைக்குள் இருக்கட்டும். சுற்று நேரமும் நிறமும் ஜாதகத்துக்காக மாறாது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடலாம்.

இந்த அறிவிப்பைப் பெற்றோர் காத்திருக்கும் இடத்திலும் தமிழில் ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது. கூடத்துக்குள் வாசிப்பது அவர்கள் காதில் விழுவதில்லை. எந்த மாவட்டத்து நடுவர் குழுவாவது ஒப்புக்கொண்டால், ஒரே பக்கத்தில் அடங்கும்படி அதை எழுதி, அச்சிடும் செலவையும் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றியுடன்,
வாரக்கடைசிப் போட்டிகளில் ஆடும் ஒருவன்